பொன் உள்பக்கம் இருக்க மடி

காக்கை, குருவி, கோயில் மாடு, கல்யாண மண்டப வாசலில் செருப்பு எண்ணிக்கொண்டு நிற்கிறவர் என்று நம்மைச் சுற்றி எத்தனையோ ஜீவன்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பற்றி யாராவது எழுதிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற ஒன்றைப் பற்றி நான் சொல்கிறேன். அதற்கு நான் வைத்திருக்கிற பெயர் மறைபொருள் மோப்பர்.

மோப்பரிடம் போய் "மழை வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். கொடியில் காயும் துணியை எடுக்க ஓட மாட்டார். கண்ணை லேசாக மூடிக்கொண்டு, "எந்த மழை?" என்பார். நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது, அது விஷயமே இல்லை. நீங்கள் சொல்லாதது எது என்றுதான் அவர் மூக்கு தேடிக்கொண்டிருக்கும். துணி நனைந்துவிடும்.

இந்த இனத்தில் பல ரகம். தலைவர் மேடையில் தும்மினால் கூட்டணி முறிந்தது என்று கண்டுபிடிக்கிறவர் ஒரு ரகம். சம்பந்தி வீட்டுக் காபியில் சர்க்கரை குறைந்தால் அதில் ஒரு செய்தி இருப்பதாக ஊருக்குப் போன் போடுகிறவர் இன்னொரு ரகம். இவர்கள் எல்லாம் கலப்பு நூல். அசல் பட்டு, அதாவது ஒரு இழையை எடுத்துக் கொளுத்திப் பார்த்தால் தலைமுடி கருகுகிற வாசனை வருகிற சுத்தமான சரக்கு, நவீன ஆங்கிலக் கவிதை நடத்துகிற மோப்பர்தான். எங்கள் காஞ்சிபுரத்தில் அப்படி ஒருவர் என் தலைக்கு மேலேயே இருக்கிறார்.

தலைக்கு மேலே என்றால் மாடியில். கலைவாணன் சார் மாடியில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, முன் ஹாலில் எம்.ஏ. இங்கிலீஷ் டியூஷன் நடத்துகிறார். படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறையில் நான் பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறேன். வாசலில் ஒரு பச்சை வாளி கவிழ்ந்து கிடக்கும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. அதனால் எனக்குக் கேட்பதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. சார் குரலோ, படிக்கட்டு வழியாக இறங்கி வந்து என் ஊசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிற குரல்.

அந்தக் குரல் வழியாகத்தான் எனக்கு நவீனக் கவிதை தெரியும். போன நூற்றாண்டில் இங்கிலீஷில் ஒரு மாதிரி கவிதை எழுதினார்களாம். ஒரு வரி கிரேக்கத்தில் இருக்குமாம், அடுத்த வரி பைபிளுக்குத் தாவுமாம், அதற்கடுத்த வரியில் யாரோ இரண்டு பேர் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசுவார்களாம், அப்புறம் மழை பெய்யாதாம், அப்புறம் சமஸ்கிருதம் வருமாம். ஏன் இப்படி என்று கேட்டால், சண்டையில் உலகம் உடைந்துபோயிற்று, அதனால் கவிதையும் உடைந்திருக்கிறது என்பார் சார். இருக்கலாம். நல்ல கவிதையாகவே இருக்கலாம். எனக்குக் கவிதையோடு தகராறு இல்லை. உடைந்த ஒவ்வொரு சில்லையும் எடுத்து, இது எந்த ராஜா வீட்டுக் குடம் என்று சொல்லிக்கொண்டே அதைத் தண்ணீர் மொள்ளக் கொடுக்கிறாரே, அவரோடுதான்.

மோப்பருக்கு மூன்று வார்த்தை போதும். தீம், சிம்பல், அல்லூஷன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய்கூட வாங்கிவிடுவார், ஆனால் சொத்தையாக வாங்குவார். "இது ஒரு அல்லூஷன்" என்று சொல்லும்போது அவர் குரல் தாழும், கருவறைத் திரை விலகுகிற நேரத்தில் கூட்டம் அடங்குவதைப் போல. அல்லூஷன் என்றால் ஒன்றைச் சொல்லாமலே அதை ஞாபகப்படுத்துவதாம். அகிலாக்காவுக்கு அது நன்றாக வரும். அவர்தான் சார் மனைவி. 

"ஏங்க, ரெண்டு நாளா தண்ணி வரல" என்பார் அகிலாக்கா.

"அத இவ்ளோ சாதாரணமா சொல்லிட்ட பாரு அகிலா. தண்ணி இல்லாத பூமின்றது எவ்ளோ பெரிய தீம் தெரியுமா? ராஜாவுக்கு ஒடம்பு சரியில்லன்னா நாடே காஞ்சிடும்னு ஒரு பழைய கதை இருக்குது."

"உங்க ராஜாவை எழுப்பி மோட்டாரைப் போடச் சொல்லுங்க. இல்லன்னா அந்தத் தீமை ரெண்டு குடத்துல புடிச்சினு வாங்க."

சார் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். பாதிப் படியில் நின்று, காலிக் குடத்தைப் பார்த்து ஏதோ யோசிப்பார். அப்புறம் மேலே போய்ப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். குடம் படியிலேயே நிற்கும்.

இன்னொரு லட்சணம் உண்டு. மோப்பருக்குத் தூரத்து வாசனைதான் பிடிக்கும். திருப்புட்குழியிலிருந்து பஸ்ஸில் வருகிற வசந்த் என்ற பையன் ஒருநாள் கவிதையில் செத்த பறவை ஒன்று வந்ததும் ஆசையாக வாயைத் திறந்தான்.

"சார், பெருமாளே ஒரு பறவைக்குக் கொள்ளி போட்டு காரியம் பண்ண ஊரு சார் எங்க ஊரு. அந்த மாதிரி எடுத்துக்கலாமா?"

"அது உங்க ஊரு ஸ்தலபுராணம்பா. இது அல்லூஷன்."

"ரெண்டும் செத்த பறவைதானே சார்?"

"ஒக்காரு."

கடல் தாண்டி இருந்தால் அல்லூஷன், பஸ் போகிற தூரத்தில் இருந்தால் ஸ்தலபுராணம். இந்த இலக்கணத்தை எந்தப் பல்கலைக்கழகம் வகுத்தது என்று எனக்குத் தெரியாது.

இதெல்லாம் வேடிக்கைதானே, இதற்கு எதற்குப் பல்லைக் கடிக்கிறாய் என்று கேட்பீர்கள். வேடிக்கைதான், ஷாஹிஸ்தா வருகிற வரைக்கும்.

ஷாஹிஸ்தா, பட்டுக்கடை அஹமது பாஷா பாயின் மகள். அப்பா கடையிலிருந்து குஞ்சம் கட்ட வேண்டிய புடவைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்படியே மாடிக்குப் படிக்கப் போவாள். எம்.ஏ.வில் எல்லாம் தேறிவிட்டாள். நவீனக் கவிதைத் தாள் ஒன்று மட்டும் நின்றுவிட்டது. அதுவும் ஒரு தடவை இல்லை. கடைசியில் பாய் தீர்த்துச் சொல்லிவிட்டார்: இந்த முறை பாஸானால் பி.எட். சேர்த்துவிடுகிறேன், டீச்சர் ஆகிக்கொள். இல்லாவிட்டால் ஆம்பூரில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நிக்காஹுக்குச் சரி என்று சொல்லிவிடுவேன்.

"மாப்பிள்ளை எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"நல்லவருதான்னு சொல்றாங்கக்கா. அவரு கெட்டவரா இருந்தா நான் அழுது தப்பிச்சிருப்பேன்" என்றாள்.

அவள் வகுப்பில் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. "சார், இந்த வரிக்கு அர்த்தம் இன்னா சார்?" அதைக் கேட்டால் சாருக்கு முகம் சுண்டிவிடும். வீட்டுக்கு வந்த விருந்தாளி, பாயசத்தை விட்டுவிட்டுப் பச்சைத்தண்ணீர் கேட்டதைப் போல.

"அர்த்தம் கேக்கறவங்க அகராதி வாங்கிக்கணும்மா. இங்க வந்தா தீம் கேளு."

தேர்வு நெருங்கிய சமயம். சார் ஒரு கவிதையை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தை நடத்தின மாலைதான் நான் குஞ்சத்தைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்த மாலை.

"கவனிங்க. இதுவரைக்கும் கவிஞர் நீளநீளமா பேசிக்கினு வந்தாரு. இங்க பக்கத்துக்குக் கீழ பாருங்க, எழுத்தே சின்னதாவுது. குரல் ஒடையுது. சின்னச் சின்ன வரி. எல்லாமே கட்டளை. யாரு சொல்றது? யாருக்கு? சொல்ல மாட்டாரு. அதான் மாடர்ன்."

அப்புறம் இங்கிலீஷில் ஒரு வரி படிப்பார், தமிழில் சொல்வார், அதன்மேல் ஏறி உட்காருவார்.

"தண்ணீரில் நனைக்காதே. தண்ணின்றது மறுபிறப்பு. நவீன மனுசனுக்கு மறுபிறப்பு கெடையாது, அந்த வாசல் மூடிப்போச்சு. பிழியாதே. இங்க கவிஞரோட வேதனை. வாழ்க்கை என்னைப் பிழியுதுன்னு கதறாரு. நிழலில் உலர்த்து. நிழல்னா கிரேக்கத்துல செத்தவங்க. செத்தவங்க நடுவுல காஞ்சுபோய்க் கெடக்கறோம். எழுதிக்கோங்க. பொன் உள்பக்கம் இருக்க மடி."

இந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஜலதோஷம் இல்லை.

"பொன் உள்பக்கம் இருக்க மடி. ஆன்மா! வெளிய தெரியாம உள்ள மடிஞ்சு கெடக்குது. இந்த ஒரு வரிக்காக ஒரு புத்தகம் எழுதலாம்பா."

அடுத்த வரி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று என்றது. அது பருவங்களின் சுழற்சி. கடைசி வரி, வெள்ளைத்துணியில் சுற்றி இருட்டில் வை என்றது. அது கல்லறை. மாடியில் பேனாக்கள் மட்டும் ஓடின. அந்த நேரத்தில்தான் ஷாஹிஸ்தாவின் குரல் வந்தது.

"சார், ஒரு டவுட்டு."

"அர்த்தம் கேக்கப்போறியா?"

"இல்ல சார். இது கவிதை இல்ல சார்."

"எது?"

"இந்தக் கடைசி வரிங்க. இது எங்க கடை கார்டு சார். பட்டுப்புடவை வாங்கினா டப்பாவுல வச்சுக் குடுப்போமே, புடவையை எப்படிப் பாத்துக்கணும்னு. அது."

வசந்த் சிரித்துவிட்டான். சார் சிரிக்கவில்லை. தடுமாறவும் இல்லை. மோப்பர் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"அப்படியா? ரொம்ப நல்லது. கவிஞர் ஒரு துணிக்கடைக் கார்டைத் தூக்கிக் கவிதைக்குள்ள வைக்கறாரு. எவ்ளோ பெரிய தைரியம்!"

"கவிஞர் வைக்கல சார். உங்க புக்குக்குள்ள இருந்து ஜெராக்ஸ் மிஷின்ல பக்கத்தோட சேந்து விழுந்திருக்குது."

"மிஷின்! அதத்தான்மா சொல்றேன். யந்திர யுகம்."

"சார், இந்தக் கார்டை எழுதினதே நான்தான் சார். வெளியூர்க்காரங்களுக்கு ஜரிகைன்னா புரியாதுன்னு இங்கிலீஷ்ல பொன்னுன்னு போட்டேன். ஜரிகை வெளிப்பக்கம் இருந்தா ஒரசி, காத்துப் பட்டுக் கறுத்துடும் சார். அவ்ளோதான்."

சார் குரல் கனிந்தது. அறியாப்பிள்ளைக்குச் சோறூட்டுகிற கனிவு.

"எழுதினவங்க இன்னா நெனச்சாங்கன்றது நமக்கு முக்கியமே இல்லம்மா. எழுதினவங்க செத்துட்டாங்கன்னு வச்சுக்கினுதான் படிக்கணும்."

"நான் இங்கதான் சார் ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"அது உன் பர்சனல் விஷயம்."

நடந்தது இதுதான். மைத்துனி கல்யாணத்துக்குச் சார் பாய் கடையில் புடவை எடுத்திருக்கிறார். டப்பாவில் இருந்த இங்கிலீஷ் கார்டு புத்தகத்தில் பக்க அடையாளமாகப் போயிருக்கிறது. கவிதை முடிந்து பக்கத்தில் பாதி வெள்ளையாக இருக்க, கார்டு அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. கடைப்பெயர் மறுபக்கம். ஊரிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். காஞ்சிபுரத்தில் அந்தக் கார்டை யார் படிக்கிறார்கள்? பட்டை எப்படி மடிப்பது என்று எங்களுக்குக் கைக்குத் தெரியும். கார்டு சென்னைக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும். எங்கள் வீடுகளில் அது அலமாரிக் கால் ஆடாமல் இருக்க அடியில் வைக்க உதவும்.

அதைவிடப் பெரிய வியப்பு, உண்மை தெரிந்த பிறகும் யாரும் எழுதியதை அடிக்கவில்லை. வசந்த்கூட. வகுப்பு முடிந்து இறங்கும்போது, "தேவைப்பட்டா இருக்கட்டும்டி" என்று அவளிடம் சொல்லிக்கொண்டு போனான்.

ஷாஹிஸ்தா என் வாசலில் பச்சை வாளிமேல் உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அக்கா, நான் போன தடவை கவிதையில இன்னா இருக்குதோ அத எழுதினேன். ஃபெயிலு. அதுக்கு முந்தியும் அதத்தான் எழுதினேன். ஃபெயிலு. பேப்பர் திருத்தறவங்களும் சார் மாதிரி ஆளுங்கதானே?"

"இருக்கலாம்மா" என்றேன்.

"அப்ப நான்தான் லூசு" என்றாள். எழுந்து போனாள்.

தேர்வில், நவீனக் கவிதையில் வறட்சி என்று ஒரு கேள்வி வந்ததாம். ஷாஹிஸ்தா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். ஆம்பூர் நினைவுக்கு வந்திருக்கிறது. பிறகு குனிந்து, "ஒரு நவீனக் கவி சொல்வதைப் போல" என்று ஆரம்பித்துத் தன் கடைக் கார்டையே மேற்கோள் காட்டி, மூடிய வாசலையும் கிரேக்கத்துப் பிரேதங்களையும் உள்பக்கம் மடிந்த ஆன்மாவையும் வரிசையாக நிறுத்தி, கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள்.

பாஸ். சும்மா பாஸ் இல்லை, அந்தத் தாளில் சார் வகுப்பிலேயே அவள்தான் முதல். திருத்திய விடைத்தாளின் நகலை வாங்கி வந்து எனக்குக் காட்டினாள். கார்டு வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எங்கோ இருக்கிற ஒரு மோப்பர் 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்தார். அந்த மனிதர் அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே உண்மை அதுவாக இருக்கும்.

பாய் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். ஆம்பூருக்கு, இப்போதைக்கு இல்லை என்று சொல்லியனுப்பினார். பி.எட். சேர்ந்தாயிற்று. மாடிக் கைப்பிடியில் அவள் போட்டோ போட்ட பேனர் தொங்கியது. பேனரின் பாதி இடத்தில் சார் போட்டோ இருந்தது. அது எதற்குச் சிம்பல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுபம் போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கொஞ்ச நாளில் பாய் கடைக்குப் புதிதாகக் கலப்புப் பட்டு வந்தது. அதில் சில புடவையைத் தண்ணீரில் போடலாம், சிலதைப் போடக்கூடாது. புதுக் கார்டு வேண்டும். "முன்ன எழுதின மாதிரி தமிழ்லயும் நாலு வரி எழுதும்மா" என்று மகளிடம் சொன்னார். ஷாஹிஸ்தா தாளும் பேனாவுமாக என் வாசலில் வந்து அந்த வாளிமேல் உட்கார்ந்தாள். எழுதினாள், அடித்தாள். எழுதினாள், அடித்தாள்.

"இன்னாம்மா?"

"நிழலில் உலர்த்துன்னு போட்டா சரியா வருமாக்கா?"

"ஏன், வெயில்லயா காயவைப்பாங்க?"

"அது இல்லக்கா. நிழல்னா வேற மாதிரி தோணுது. சாவு மாதிரி. வெளிச்சம் குறைந்த இடத்தில்னு போடலாமா? அதுலயும் ஒரு தீம் வருது."

"புடவை வாங்கறவங்களுக்கா வருது?"

அவள் அந்த வரியையும் அடித்தாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு அந்தக் கார்டை நின்றுகொண்டே, ஒரு வாடிக்கையாளருக்குப் பில் போடுகிற நேரத்தில் எழுதியதாக அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு பகல் முழுக்கப் போயிற்று. அவள் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பாய் கண்ணாடி போட்டுப் படித்தார். கழற்றினார். மறுபடி போட்டுப் படித்தார்.

"ஏம்மா, இதுல தண்ணீல போடச் சொல்றியா, வேணான்றியா?"

"அத வாங்கறவங்க முடிவுக்கு விட்டுட்டேன்பா."

மகள் பாஸாகிவிட்டாளே, இனி என்ன சொல்வது? பாய் தானே பேனாவை எடுத்து எழுதி அச்சடித்துவிட்டார்: 'புடவையில் சிவப்புச் சீட்டு இருந்தால் தண்ணீரில் போடாதே. போட்டால் கடை பொறுப்பல்ல.' நல்ல வரிகள். ஆனால் ஷாஹிஸ்தா முன்பு எழுதியதுபோல் இல்லை. அடுத்த வருஷம் அவள் டீச்சர் ஆகிவிடுவாள். ஏதோ ஒரு பெண் எழுந்து, "மிஸ், இந்த வரிக்கு அர்த்தம் இன்னா மிஸ்?" என்று கேட்பாள். அப்போது இவள் முகம் சுண்டுமா, சுண்டாதா? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் கெடுகிற கேள்வி அது ஒன்றுதான்.

மோப்பருக்குக் கொம்பு தானாக முளைப்பதில்லை, பாருங்கள். பாஸ் மார்க்கு கொடுத்து முளைக்கவைக்கிறோம்.

சிரித்தீர்களா? நல்லது. நான் அந்த ஜாதி இல்லை, நேராக வாசிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டுதானே சிரித்தீர்கள்? ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். என் வாசலில் ஒரு பச்சை வாளி கவிழ்ந்து கிடக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அப்புறம் ஷாஹிஸ்தாவை இரண்டு தடவை அதன்மேல் உட்காரவைத்தேன். அது ஏன் கவிழ்ந்திருக்கிறது, அதுவும் ஏன் பச்சை, ஊரில் தண்ணீர் வராததற்கும் அதற்கும் உள்ளுக்குள் ஏதோ தொடர்பு இருக்குமோ என்று ஒரு நொடியாவது உங்கள் மூக்கு விடைத்ததா?

வாளியின் அடியில் ஓட்டை. அதனால் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வாங்கப் போன அன்று கடையில் நீலம் இல்லை.

விடைத்திருந்தால் வெட்கப்படாதீர்கள், மாடியில் இன்னும் இடம் இருக்கிறது. சாயங்காலம் வாருங்கள். வரும்போது அகிலாக்காவுக்கு இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வாருங்கள். வெறும் தண்ணீர் போதும்.